அக்கா உழாமல் காத்த வயல்

எங்கள் அக்கா கர்த்தரிடம் சென்று ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, உங்களில் பலர் அவரை ‘மண்ணு டாக்டர்’ என்று கேலி செய்திருக்கிறீர்கள். அவர் செய்த வேலை என்னவென்று யாரும் கேட்டதில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில். அப்பா குமாஸ்தா, அம்மா நர்ஸ். இருவருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா பணிக்குப் போன நாட்களில் எனக்குச் சோறூட்டித் தலைவாரி வளர்த்தவர் அக்காதான். மண் நுண்ணுயிரியல் படித்தார். திருமணம் தள்ளிக்கொண்டே போனது. “மண்புழுவக் கெட்டிக்கிட்டு கெடக்கா” என்று அம்மா பொருமுவார். “அது வரதட்சணை கேக்காதுல்லாம்மா” என்பார் அக்கா.

நஜஃப்கரைத் தாண்டிய ஒரு கிராமத்தில், அக்கா சித்தப்பா முறை வைத்து இந்தியில் ‘சாச்சாஜி’ என்று அழைத்த விவசாயி ஒருவர் ஆராய்ச்சிக்காகத் தம் வயலைத் தந்தார். யூரியாவை எவ்வளவு கொட்டினாலும் பயிர் வெளுத்து நின்ற நிலம் அது. அக்கா சொன்னவை மூன்று: உழக்கூடாது, அறுத்தபின் மிஞ்சும் கோதுமைத் தாளை எரிக்கக்கூடாது, மண்ணை வெறுமையாக விடக்கூடாது. கலைக்காத மண்ணில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழைகள் வேர்களுக்குச் சத்தைக் கொண்டுவரும். புழுக்கள் துளைத்த வழியில் மழை உள்ளே இறங்கும். “பெருக்காத வீடு மாதிரி வயலா” என்று ஊரார் சாச்சாஜியை ஏளனம் செய்தார்கள். அவர் பொறுத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் மண் கறுத்துப் பொலபொலப்பாயிற்று. உரமும் தண்ணீரும் குறைந்தன, கோதுமை குறையவில்லை.

பிறகு அக்காவைப் புற்றுநோய் பிடித்தது. வலி தணிந்த நேரங்களில் அவர் கேட்டது ஒன்றுதான்: “வயல்ல தாள் கெடக்கா?” போனில் சாச்சாஜி, அப்படியே கிடக்கிறது என்பார். அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல. அக்கா கண்மூடும்வரை அவர் அந்த வயலில் ஏர் வைக்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் வயலில் ஒரு ஜெபம் செய்ய விரும்பி, அவருக்குச் சொல்லியனுப்பினோம். நாங்கள் போய் இறங்கியபோது வயலில் ஒரு துரும்பில்லை. தாளை எரித்து, டிராக்டரால் மண்ணைப் பொடியாக்கி, வரப்பெல்லாம் களைக்கொல்லி அடித்து, நடுவில் ஜமுக்காளம் விரித்திருந்தார். புரட்டிய மண்ணில் கொக்குகள் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன.

வயலுக்கு என்ன நேர்ந்தது என்று அப்பாவுக்குப் புரியவில்லை. சாச்சாஜியின் கைகளைப் பற்றி நன்றி சொன்னார். தீதியின் (அக்காவை அவர் அப்படித்தான் அழைப்பார்) வீட்டார் வரும்போது குப்பையிலா உட்கார வைப்பது என்று சாச்சாஜி இந்தியில் சொன்னார். இனி ஒவ்வொரு போகத்திலும் தீதியின் நினைவாக வயலை இப்படியே சுத்தமாக வைத்திருப்பாராம்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒவ்வொரு போகத்திலும் என்று அவர் சொன்ன பிறகு முடியவில்லை.

“வேண்டாம் சாச்சாஜி. உழுதால் அக்கா வளர்த்ததெல்லாம் செத்துப்போகும். இப்போதே பெரும்பகுதி செத்துவிட்டது.”

“தீதி போனதோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்தேன், மகளே” என்றார் சாச்சாஜி. ஜெபம் முடியும்வரை அவர் ஜமுக்காளத்தில் வந்து உட்காரவில்லை.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்த அலுவலக நண்பர்கள், முறைவைத்து உடனிருந்த அம்மாவின் தோழிகளான நர்ஸ்கள், வாரந்தோறும் வந்து ஜெபித்த போதகர், பெட்டியைத் தோளில் சுமந்த துவாரகா பகுதியில் வசிக்கும் உறவினர்கள், அனைவரையும் நினைத்துக்கொள்கிறோம்.

சாச்சாஜி இந்த ஆண்டு உழாமல்தான் விதைத்தார். பயிர் திட்டுத்திட்டாக வெளுத்து நிற்கிறது. மண் தேறப் பல ஆண்டுகள் ஆகும், தேறாமலும் போகலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார். இந்த எழுத்தை அவரால் படிக்க முடியாது. அவர் வீட்டுக்குப் போய், எங்கள் நன்றியை இந்தியில் நானே சொல்வேன்.