அந்தோனியார் கொண்டுவந்த தம்பி

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் எது காணாமல் போனாலும் அந்தோனியாரிடம்தான் முறையிடுவோம். அம்மாவின் சீப்பு, அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, ஒருமுறை மலையேறிப் போன வெள்ளாடு, எல்லாவற்றையும் அவர் தேடிக் கொடுத்திருக்கிறார். பதிலுக்கு அவருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு ரொட்டி. அம்மா அதைத் தனியே சுட்டு மூடிவைப்பாள். அன்று வாசலுக்கு யார் வருகிறார்களோ அவர்களுக்கு அது. ஆனால் லயத்துக்கு வெளியாள் வருவது அபூர்வம். ஆகவே அந்தோனியாரின் பங்கு பெரும்பாலும் என் வயிற்றுக்குள்தான் போயிற்று. அவரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சுவரில் அவர் படம் இருந்தது. பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு, கைமேல் ஒரு குழந்தை. அடுப்புப் புகையில் முகம் கறுத்து, அவரும் எங்கள் ஆட்களில் ஒருவராகிவிட்டிருந்தார்.

அந்த வருஷ மழையில் என் தம்பி மார்ச்சளி கண்டு செத்துப்போனான். முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்த பிள்ளை. என்னிடம் யாரும் செத்துப்போனான் என்று சொல்லவில்லை, ஆண்டவரிடம் போய்விட்டான் என்றார்கள். போனவன் திரும்பி வரவேண்டியதுதானே? அம்மா மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அடிக்கடி லயத்துக்குப் பின்னாலிருந்த ரோஜாச் செடியடிக்குப் போய்வந்தாள். பாலைப் பீய்ச்சி அதன் வேரில் விடுவாள். கால் படும் இடத்தில் அது சிந்தக்கூடாதாம். எனக்கு அதெல்லாம் பெரியவர்கள் விவகாரம். தம்பியைத் தேடித் தரச்சொல்லி அந்தோனியாரிடம் ஒப்படைத்துவிட்டு நான் பாட்டுக்கு விளையாடப் போய்விட்டேன்.

கீழ்நாட்டில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போன காலம் அது. அங்கிருந்து வரும் யாரையும் லயத்தில் சேர்க்கக்கூடாது என்று துரை உத்தரவு போட்டிருந்தார். மீறினால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். கங்காணி ஒவ்வொரு வாசலிலும் நின்று இதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். மலையையும் லயத்தையும் பனிமூட்டம் மூடியிருந்தது. எங்கள் வாசலைத் தவிர உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லை என்பதுபோல் இருந்தது. வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளிருந்து ஒருவர் மெதுவாக வெளிப்பட்டார். தலைக்குப் பழுப்பு முக்காடு, இடுப்பில் கயிறு, கைமேல் குழந்தை. எனக்கு ஆச்சரியமே இல்லை, இத்தனை நாள் ஏன் தாமதித்தார் என்றுதான் தோன்றியது.

"அம்மா, அந்தோனியார் வந்துட்டாரு. தம்பியத் தூக்கிக்கிட்டு வந்திருக்காரு."

அந்த முக்காடு மழைக்கு மடித்துப் போட்ட சாக்கு என்று இப்போது தெரிகிறது. வந்தவர் படியேறவில்லை. கீழ்நாட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து நடந்தே வருவதாகவும், காய்ச்சலில் பெண்சாதி போய்விட்டதாகவும், கொட்டகலைப் பக்கம் இருக்கும் அக்காவிடம் போவதாகவும் சொன்னார். கேட்டது கொஞ்சம் சுடுதண்ணீர் மட்டும்தான். சீனி கரைத்துத் துணியில் தொட்டுக் குழந்தையின் வாயில் வைக்க வேண்டுமாம். அழவும் தெம்பில்லாமல் அது பூனைக்குட்டிபோல் முனகியது.

அம்மா வாசலுக்கு வெளியே இருபக்கமும் எட்டிப் பார்த்தாள். உத்தரவு அவளுக்கும் தெரியும். பிறகு கை நீட்டிக் குழந்தையை வாங்கினாள்.

"உள்ள வாங்கண்ணே," என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து மார்புத்துணியை அவிழ்த்தாள். அவள் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். சந்தோஷத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். ரொட்டி அந்தோனியாருக்குப் போயிற்று. வாழ்க்கையில் அந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான் அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. துணி மாற்றும்போது குழந்தை பெண் என்று தெரிந்தது. ஆண்டவர் வீட்டுக்குப் போய்வந்தால் இப்படிச் சில மாறுதல்கள் இருக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

வேலைவிட்டு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். பத்துச்சீட்டுக் கொடுத்தால் எங்கே போவது என்று தணிந்த குரலில் அம்மாவைக் கேட்டார். அவள் மடியிலிருந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்முடைய கம்பளியை எடுத்து வந்தவரிடம் கொடுத்தார்.

விளக்கு வைக்கும் நேரம் கங்காணி வந்தார். தம்பியைப் புதைத்த அன்று குழியருகே குடை பிடித்து நின்றவர் அவர். உள்ளே பிள்ளைச் சத்தம் கேட்டுப் புருவத்தை நெரித்தார். அம்மாவும் அப்பாவும் வாசலை மறைத்து நின்றார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

"எங்க தம்பிதாங்க. அந்தோனியார் கொண்டாந்தாருங்க."

கங்காணி என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவை. தலைப்பாகையை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

"இந்தக் காத்துல ஒண்ணும் சரியாக் கேக்கமாட்டேங்குது. கதவச் சாத்திக்கங்க. விடியறதுக்குள்ள காத்து நின்னுரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பக்கத்துக் கோயில் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். எங்கள் அந்தோனியாருக்கு அவர் ஏன் பயந்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

விடியற்காலையில், ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடிக்குமுன் வந்தவர் புறப்பட்டார். வாசலில் குழந்தையை அம்மாவிடமே நீட்டி, "நீங்களே வச்சுக்கங்க தங்கச்சி, எங்கிட்ட இருந்தா பொழைக்காது," என்றார். அம்மா வாங்கி, முகத்தோடு முகம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். வைத்துக்கொள்ளப் போகிறாள் என்றே நினைத்தேன். ஆனால் தம்பியின் குல்லாயை அதன் தலையில் மாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ஒங்களுக்கு வேற யாரு இருக்கா? பசியாத்தியாச்சு, அக்கா வீடு வரைக்கும் தாங்கும். போயிட்டு வாங்க."

மூட்டம் அவர்களை எடுத்துக்கொண்டது. நான் அழுது புரண்டேன். தேடிக் கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துப் போகிறவர் என்ன புனிதர் என்று படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். அம்மா திட்டாமல் நேராக்கிவைத்தாள்.

வற்றத் தொடங்கியிருந்த பால் மறுபடியும் ஊறிவிட்டது. அம்மா துணியை முன்னைவிட இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி செடியடிக்குப் போய்வந்தாள். நான் விடவில்லை, பின்னாலேயே போனேன்.

"செடிக்கு ஊத்துறியே, தம்பிய வச்சிருந்தா அவன் குடிச்சிருப்பான்ல?"

அம்மா என் தலையை இழுத்துத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். இப்படி வலிக்கும் என்று தெரிந்தேதான் அவள் அன்று கை நீட்டினாள் என்பது, நானும் ஒரு பிள்ளை பெற்றுப் பால் கட்டிக்கொள்ளும்வரை எனக்குத் தெரியாது.