விமான வாலில் எரிந்த விளக்கும் என் செபமாலையும்

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருடங்களாகத் தடுமாறிக்கொண்டிருந்தேன். பேனையை எடுத்தால் வெட்கம் வரும். மூடி வைத்தால் மனம் குத்தும். படிப்புக் குறைந்தவன் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இதை உள்ளபடி எழுதினால் எங்கள் பகுதியில் ஒரு அற்புதம் குறைந்துபோகும். அந்த அற்புதத்தின் முக்கியமான ஆளே நான்தான். அதனால் திருநாளுக்கு மாதாவின் சுரூபம் தூக்க என்னை முன்வரிசைக்குக் கூப்பிடுகிறார்கள். கடையில் எனக்கு உட்காரக் கதிரை போடுகிறார்கள். இதையெல்லாம் ஒரு மனிதன் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வது இலேசான காரியமல்ல.

சண்டை முடிந்து, தமிழ்நாட்டு முகாமிலிருந்து நாங்கள் எங்கள் ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பி வந்த காலம் அது. பழைய வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. தகரம் தந்தார்கள், போட்டுக்கொண்டோம். கடலுக்குப் போக வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. அப்போது எனக்குக் கிடைத்த உத்தியோகம் கழுதை கலைப்பது.

மன்னார்த் தீவைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். கழுதைகள் எங்கள் தெருவிலும் தரவை வெளியிலும் தங்கள் பாட்டுக்குத் திரியும். தீவின் ஒரு பக்கத்து வெளியை மட்டப்படுத்தி, சின்ன விமானம் இறங்க ஒரு பாதை செய்திருந்தார்கள். கரையோரத்தை மேலே இருந்து படம் பிடிக்கும் வேலைக்காக நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு விமானம் அங்கே வந்து போகும். அது வரும் நாளில் பாதையிலிருந்து கழுதைகளைத் துரத்துவதும், அது நிற்கும்வரை பக்கத்தில் காவல் இருப்பதும் என் கடமை. முகாமில் இன்னும் இருந்த என் மச்சானுக்கு, "விமான நிலையத்திலை வேலை கிடைச்சிட்டுது" என்று போன் எடுத்துச் சொன்னேன். கழுதையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த விமானத்தின் வால் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சுழன்று சுழன்று மின்னும். இயந்திரம் உறுமத் தொடங்குவதற்கு முன்பே அது மின்னத் தொடங்கிவிடும். இறங்கி நின்ற பிறகு விமானி உள்ளே எதையோ தட்டுவார், அது அணைந்துவிடும்.

முகாமில் ஓலைக் கூரைபோட்ட எங்கள் சின்னக் கோயிலில், நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் எரியும் சிவப்பு விளக்குக்கு எண்ணெய் விடும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் ஆண்டவர் உள்ளே இருக்கிறார், முழந்தாள் போடு. அந்த விசயத்தில் என் படிப்பு அவ்வளவுதான். அதனால் இந்த விளக்கையும் நான் சாதாரணமாகப் பார்க்கவில்லை. அதற்கேற்றாற்போல் விமானியும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்ததும் நின்று, திரும்பி, வால் உச்சியை ஒருமுறை பார்ப்பார். பிறகுதான் போவார். பூசை முடிந்து கோயில் வாசலில் நாங்கள் பீடத்தைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுப் போவோமே, அப்படி. மனுசன் வெளியில் காட்டாவிட்டாலும் உள்ளுக்குப் பக்தி உள்ளவர் என்று தீர்மானித்துவிட்டேன்.

அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். என்னைவிட வயதில் கொஞ்சம் இளையவர். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"சேர், உந்தச் சிவப்பு விளக்கை ஏன் ஒவ்வொரு முறையும் அணைக்கிறியள்? எங்கட கோயிலிலை அதை ஒருநாளும் அணைக்கிறேல்லை."

"உங்கட கோயிலிலை எண்ணெய் விட ஆள் இருக்கு, அண்ணை."

"இஞ்சை நான் இருக்கிறன்தானே."

"நீங்கள் கழுதையைப் பாருங்கோ," என்று சிரித்துக்கொண்டு போனார். அப்போதும் திரும்பி வாலைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நல்ல நிலத்தில் விதை போட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் முகாமில் வளர்ந்தவள். "ஓம்" என்று சொல்லவேண்டிய இடத்தில் "ஆமா" என்பாள், ஊர்ப் பிள்ளைகள் நெளித்துச் சிரிப்பார்கள். பிளஸ் டூ நன்றாகப் பாஸ் பண்ணியிருந்தாள். தாதியாக வரவேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே அவளுக்கு இல்லை. ஆனால் அந்த இந்தியச் சான்றிதழை எந்த அரசாங்கக் கந்தோரில் கொண்டுபோய் நீட்டினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். கடைசியில் கொழும்பில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பயிற்சிப் பள்ளிதான், "ஆளை நேரே வரச் சொல்லுங்கோ, பாப்பம்" என்றது. நேர்முகத்துக்கு நாளும் குறித்தார்கள். அன்று காலை வராத பிள்ளைக்கு இடம் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கிழமை பார்த்து மாரி மழை கொட்டியது. குளங்கள் நிரம்பி வழிந்து பெருநிலப் பக்கம் றோட்டுக்கு மேலால் தண்ணி ஓடியது. பஸ் நின்றுவிட்டது. நான் விமானியிடம் மூக்கால் அழுதேன்.

"பின்னுக்கு ஒரு சீற் சும்மா கிடக்கு, அண்ணை. நேர்முகத்துக்கு முதல்நாள் நான் வந்திட்டுப் பின்னேரம் கொழும்புக்குத் திரும்புவன். பிள்ளையைக் கூட்டி வாங்கோ," என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் மனுசி அழுதாள். மகள் அழவில்லை. "பிளேன்ல சன்னல் சீட் கிடைக்குமாப்பா?" என்று கேட்டாள்.

அன்று மழை விட்டு வெயில் வெளித்திருந்தது. சொன்னபடி விமானம் காலையில் இறங்கியது. அவரை நகரத்துக்குக் கூட்டிப்போக ஜீப் வந்து நின்றது. நான் அவருடைய பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மகள் என்ன உடுத்துவது, சான்றிதழ் நனையாமல் எதில் சுற்றுவது, கொழும்பில் ஆர் வந்து கூட்டிப்போவார் என்று ஜீப் வரைக்கும் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு போனேன். அவர் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று ஏறிப் போய்விட்டார். அன்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். வால் உச்சியில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போனது. என் சொல்லைக் கேட்டுவிட்டாரே! என் மகளின் பயணத்துக்காக விளக்கை அணைக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே! தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த மணலில் முழந்தாள் போட்டேன். இரண்டு கழுதைகள் பாதையின் நடுவில் நின்று என்னைப் பார்த்தன. அவற்றைக் கலைக்கவும் இல்லை.

மத்தியானம் மனுசியும் மகளும் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். மகள் வந்த உடனேயே கண்டுவிட்டாள்.

"அப்பா, உள்ள யாருமே இல்ல. லைட் எரியுது?"

"அது எரியத்தான் வேணும்."

"கரண்ட் வீணாப் போகாதா? அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லலாம்ல?"

"வாயை மூடு, பிள்ளை. அது கரண்ட் விசயமில்லை."

"அப்ப மண்ணெண்ணெயா?"

"இஞ்சருங்கோ," என்றாள் மனுசி, "இவள் கேக்கிறதிலையும் ஒரு..."

"நீயும் தொடங்காதை. ரெண்டு பேரும் முழந்தாள் போடுங்கோ. செபமாலை சொல்லுவம்."

போட்டார்கள். மகள் புதுப் பாவாடை மண்படாமல் இருக்கச் சீலைத் துண்டை விரித்து அதன்மேல் முழந்தாள் போட்டாள். நான் முன்னுக்குச் சொல்ல அவர்கள் பின்னுக்குச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல விளக்கின் வேகம் குறைந்துகொண்டு வந்தது. முதலில் படபடவென்று சுழன்றது, பிறகு ஆறுதலாகச் சுழன்றது. நிறமும் மங்கியது. "பாத்தியோ, எங்கட செபத்துக்கு அது அமைதியாகுது," என்று மனுசிக்குச் சைகை காட்டினேன். மாதா பிரார்த்தனையும் சொல்லி, நான் "ஆமென்" என்று நீட்ட, விளக்கு கடைசியாக ஒருமுறை சிவந்து அணைந்தது.

ஆமெனுக்கு அணைகிற விளக்கை என் வாழ்நாளில் கண்டதில்லை. கண்ணீர் வந்துவிட்டது.

பின்னேரம் விமானி வந்தார். மகளைப் பின்சீற்றில் இருத்திப் பட்டியைக் கட்டிவிட்டார். சன்னல் பக்கம்தான். தானும் ஏறி, இயந்திரத்தை இயக்கத் திறப்பைத் திருப்பினார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மறுபடி திருப்பினார், அந்தச் சத்தமும் வரவில்லை. பிறகு கீழே இறங்கினார்.

"மெயின் சுவிச்சைப் போட்டபடி விட்டிட்டன். பற்றரி செத்துப்போச்சு. அண்ணை, வால் லைற் மினுங்கினதோ?"

"மினுங்கினது, சேர்."

"கனநேரமோ?"

"முழுச் செபமாலையும்," என்றேன்.

"பிரார்த்தனையும் சேத்து, சார்," என்றாள் மகள் உள்ளே இருந்து.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பொறுமையாக விளக்கம் சொன்னார்.

"அந்தச் சிவப்பு லைற்றின்ரை சுவிச்சிலை நாங்கள் கை வைக்கிறேல்லை, அண்ணை. அது எப்பவும் போட்டபடி கிடக்கும். மெயினைப் போட்டா அதுவும் மின்னும், மெயினை நிப்பாட்டினா அதுவும் நிண்டிடும். ஏனெண்டா எங்களுக்கு மறதி. இறங்கிப் போகேக்கை திரும்பிப் பாத்து, வால் மினுங்கினா, ஐயோ மெயின் போட்டபடி கிடக்கெண்டு ஓடிவந்து நிப்பாட்டுவம். அதுக்குத்தான் திரும்பிப் பாக்கிறனான்."

"கும்பிடேல்லையோ?"

"கும்பிடேல்லை, அண்ணை. பிழை என்ரைதான். இண்டைக்குத் திரும்பிப் பாக்கேல்லை."

அவரைத் திரும்பிப் பார்க்கவிடாமல் கதைத்துக்கொண்டு போனவன் ஆர் என்று அவர் சொல்லவில்லை. பற்றரியைக் கழற்றி நகரத்தில் சார்ஜ் ஏற்றவேண்டும், நாளைக்கு முன் பறக்க முடியாது என்றார். நாளைக் காலையில் என் மகள் கொழும்பில் இருக்கவேண்டும்.

மனுசி மணலில் குந்திவிட்டாள். நான் என்ன செய்தேன்? கையில் இருந்த செபமாலையைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அவ்வளவுதான் செய்தேன். மகள்தான் தானாகவே பட்டியைக் கழற்றிக்கொண்டு இறங்கினாள்.

"அப்பா, தண்ணி எங்க ஓடுதோ அதுவரைக்கும் ஜீப்ல போவோம். அங்க போய்ப் பார்ப்போம்."

விமானி ஜீப்பைத் தந்தார். பாலம் கடந்து, பெருநிலத்தில் தண்ணி றோட்டை மூடியிருந்த இடத்துக்குப் போனோம். அங்கே நறுவிலிக்குளத்துக் கமக்காரர் ஒருவர் உழவு இயந்திரத்தோடு நின்றார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் நனைந்த சாரம். தன் வயல் முழுக்கத் தண்ணிக்குள் கிடக்க, மனுசன் பின்னால் கொழுவியிருந்த இழுவைப் பெட்டியில் சனத்தை ஏற்றி அக்கரைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிறது, இனி ஓட்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், மகளின் பயணப் பெட்டியைக் கண்டதும் கேட்டார்.

"பிள்ளை எங்கை போகுது?"

"கொழும்புக்கு. பிளேனிலை போக இருந்தது," என்றேன்.

"பிளேனிலையோ! பிறகேன் என்ரை பெட்டிக்கு வாறியள்?"

"பற்றரி இறங்கிப்போச்சு."

"அதை ஆர் இறக்கினது?"

"எங்க அப்பா. செபம் பண்ணியே இறக்கிட்டாரு," என்றாள் மகள்.

அவர் சிரித்த சிரிப்பில் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்கவில்லை. "எங்கட பிள்ளையாருக்கும் கலர் லைற் போட்டுத்தான் வைச்சிருக்கிறம். ஆனா பூசை முடிய நிப்பாட்டிப்போடுவம். ஏறு, மோனை."

நாங்கள் ஏறினோம். மகனிடம் ஸ்ரேறிங்கைக் கொடுத்துவிட்டு அவர் தண்ணிக்குள் இறங்கினார். றோட்டு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. ஒரு தடியால் குத்திக் குத்திப் பார்த்து, இடுப்பளவு தண்ணியில் முன்னுக்கு நடந்தார். ஒரு இடத்தில் கால் வழுக்கித் தாழ்ந்து எழும்பினார். என் மகள் எழும்பி நின்று "ஐயா, கவனம்!" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார். அக்கரையில் கொழும்பு பஸ் நின்றது. மகளை ஏற்றிவிட்டோம். அவருக்கு நன்றி சொல்லத் திரும்பினேன், அதற்குள் அவர் வேறு ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்.

மகள் விடிய முன்பே கொழும்பு போய்ச் சேர்ந்தாள். பாவாடைக் கரையில் சேறு எதற்கு என்று பெரிய சிஸ்டர் கேட்க, நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லியிருக்கிறாள். சிஸ்டர் சிரித்துவிட்டுச் சான்றிதழை வாங்கினாராம். இடம் கிடைத்தது.

ஊரில் கதை வேறு மாதிரிப் போனது. அந்த விமானம் அன்று பறந்திருந்தால் விழுந்திருக்கும், பிள்ளையைக் காப்பாற்ற ஆண்டவர்தான் பற்றரியை இறக்கினார், தகப்பன் செபமாலை சொல்லச் சொல்ல விளக்குத் தானாக அணைந்தது என்று கதைத்தார்கள். முதலில் மறுத்துப் பார்த்தேன். "தாழ்மையான மனுசன்" என்றார்கள். அது நன்றாக இருந்தது. பிறகு மறுப்பதைக் குறைத்துக்கொண்டேன். செபக்கூட்டத்தில் சாட்சி சொல்லச் சொன்னபோது, "எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று சொல்லிக் குனிந்து நின்றேன். அதற்கும் கை தட்டினார்கள்.

மகள் இப்போது தாதி. போன முறை லீவில் வந்திருந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா அவளைக் கட்டிப்பிடித்து அவளுடைய கதையை அவளுக்கே சொன்னாள். அக்கா போன பிறகு மகள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, நான் விமானத்துல போகல, டிராக்டர்ல போனேன். தண்ணில முன்னாடி நடந்தாரே அந்த ஐயா, அவரை யாருமே சொல்லலையே. நீங்களுமா சொல்லல?"

நான் சொல்லவில்லை. அந்த அற்புதத்தில் எனக்கு இடம் இருந்தது. அவருக்கு இருக்கவில்லை.

ஆண்டவர் அன்று என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று சொல்ல எனக்கு அறிவு போதாது. அவர்மேல் எனக்கு இருந்த விசுவாசம் குறையவும் இல்லை. காலையும் மாலையும் செபமாலை சொல்கிறேன், வெளிச்சம் எதையும் பார்த்துக்கொண்டு அல்ல. ஆனால் நடந்தது இதுதான். இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள், நடந்தபடியே சொல்லுங்கள். இடையில் சம்மனசு, தேவதூதர் என்று எவரையும் கொண்டுவந்து நிறுத்தவேண்டாம். என் மடைத்தனத்தைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். இடமில்லை, நேரமில்லை என்று எதையாவது விடத்தான் வேண்டுமென்றால் என்னை விடுங்கள். தண்ணிக்குள் தடியோடு நடந்த அந்த மனிதரை விட்டுவிடாதீர்கள்.