வாசலுக்குப் போன மெஷின்

பள்ளிக்கூட கேன்டீனில் அவளைப் 'பட்டன் அக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆர்டர் எடுக்கும் தொடுதிரை மெஷின் வந்த புதிதில், "பட்டனை அழுத்து கண்ணா, பட்டனை அழுத்து" என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். மெஷினில் பட்டன் என்று ஒன்றும் கிடையாது, வெறும் கண்ணாடிதான். அதைப் பற்றி யாருக்கென்ன? அவளுடைய சொந்த மகளே அங்கே அவளை அப்படித்தான் கூப்பிட்டாள்.

அது அம்மாவும் மகளும் வீட்டில் பேசி முடித்த ஏற்பாடு. மகள் அதே பள்ளியில் எட்டாம் வகுப்பு. "ஸ்கூல்ல என்னைத் தெரியாத மாதிரி இரும்மா. தெரிஞ்சா எல்லாரும் ஓசியில சிப்ஸ் வாங்கித் தரச் சொல்வாங்க" என்றாள். ஓசி சிப்ஸ் வெறும் சாக்கு என்று பெற்றவளுக்குத் தெரியாதா? "சரிடி, நீ யாரோ, நான் யாரோ" என்று சிரித்து வைத்தாள். ஆனால் மகள் வரிசையில் நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு, "அக்கா, ஒரு கிரீம் பன்" என்று கேட்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு வராது.

மெஷினை வரவழைத்தது தலைமை ஆசிரியை. பிள்ளைகள் பொரித்ததையும் இனிப்பையும் தின்றுவிட்டு மதிய வகுப்பில் தூங்கி வழிகிறார்களே என்ற கவலை அவருக்கு. திரையில் ஒவ்வொரு பண்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி இருந்தது. பழத்துக்கும் பயறுக்கும் பச்சை, பொரித்த உருளைக்கிழங்குக்கும் கிரீம் பன்னுக்கும் சிவப்பு. சிவப்பைக் கண்டால் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்களாம். ஒதுங்குகிற பிள்ளைகளா இவர்கள்? சிவப்பு என்றால் ருசி என்று தாங்களே அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். "இன்னைக்கு நான் மூணு செவப்புடா" என்று மார்தட்டிக்கொண்டார்கள். முதல் இடைவேளையிலேயே உருளைக்கிழங்கு காலி. மிஞ்சிய பயறைச் சமையல் மாஸ்டர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கேயும் போதும் போதும் என்று கும்பிட்டார்களாம்.

ஒருநாள் தலைமை ஆசிரியையே கேன்டீனுக்கு வந்து விஷயத்தை உடைத்தார். "பருவம் முடியற வரைக்கும் பாப்போம்மா. அதுக்குள்ள ஒண்ணும் மாறலைன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடுவாங்க. கேன்டீனை பாக்கெட் தீனிக் கம்பெனிக்குக் கொடுத்துடலாம்னு நிர்வாகத்துல பேச்சு." பாக்கெட்டைக் கிழித்துத் தின்பதற்கு மாஸ்டர் எதற்கு, பட்டன் அக்கா எதற்கு? இரண்டு பேர் பிழைப்புக்கும் உலை வைக்கிற பேச்சு.

அன்றைக்கு அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பயறு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் யோசித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் டப்பா தொட்டது தொட்டபடி இருக்கிறது, மாஸ்டரின் தட்டில் இருந்த உருளைக்கிழங்கில் பாதியைக் காணோம். அவள் விரல் நுனியில் உப்பு.

"மாஸ்டர், நானே இப்படிக் கவுந்துட்டேனே" என்றாள். "கண்ணு பச்சைப் புள்ளியைப் பாத்து என்ன பிரயோஜனம்? மூக்கு உங்க சட்டியைத்தானே பாக்குது."

"அதுக்கு மூக்கைக் கழட்டியா வைக்க முடியும்?"

"மூக்கை எதுக்குக் கழட்டணும்? மெஷினைக் கழட்டுவோம்."

மெஷினைப் பள்ளி வாசலில் வைக்க வேண்டும், வாசனை எட்டாத இடத்தில். காலையில் சாப்பிட்ட வயிற்றோடு வரும்போதே இடைவேளைக்கு வேண்டியதைப் பிள்ளைகள் சொல்லிவிட வேண்டும். கேன்டீனில் வந்து எடுத்துக்கொள்ள மட்டும்தான். இதுதான் அவள் யோசனை. "செஞ்சுதான் பாரேம்மா" என்றார் தலைமை ஆசிரியை. மெஷின்காரர்தான் ஒயர் எட்டாது, வெயில் படும் என்று இழுத்தார். அவள் விட்டால்தானே. வேலையோடு வேலையாகப் புள்ளிகளையும் எடுக்கவைத்தாள். முன்பு ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவள் அவள். விற்றுப் போக வேண்டிய சட்டையைக் கடைக்காரன் உள்ளேயா மடித்து வைப்பான்? பழம், பயறு, காய்கறி ரொட்டி மூன்றையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாள். உருளைக்கிழங்கை எடுக்கவில்லை, கடைசிப் பக்கத்தில் போட்டாள். மெஷின் கம்பெனி கொடுத்த படங்களில் இருந்த பழங்களை அந்தக் கேன்டீன் கண்டதே இல்லை. அதனால் மாஸ்டரைத் திரும்பத் திரும்ப நறுக்கச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தன் போனிலேயே படம் எடுத்தாள். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு படம் எடுக்க மாட்டாங்க" என்று மாஸ்டர் முனகினார்.

முதலில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வழி கண்டுபிடித்தவர்கள் கண்டுபிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் காலையில் வாசலில் நிற்கும் பிள்ளை வேறு, பசியோடு சட்டி முன்னால் நிற்கும் பிள்ளை வேறு. பழக் கிண்ணங்கள் மெல்ல மெல்லத் தீர்ந்தன. பிறகு பயறும் போதவில்லை. மாஸ்டர் இன்னொரு பாத்திரம் ஏற்றினார், நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது அவருக்கு. பருவம் முடிவதற்குள் பாக்கெட் கம்பெனி பேச்சு போன இடம் தெரியவில்லை.

அப்புறம் வேறு பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் பார்க்க வந்தார்கள். இடைவேளை நேரம். அவர்களில் ஒருவர், வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம், "மெஷினை வாசல்ல வைக்கலாம்னு யாருக்கும்மா தோணுச்சு?" என்று கேட்டார். கேட்டது அவள் மகளிடம். பட்டன் அக்காவுக்குப் பக்கென்றது. பிள்ளைக்குச் சங்கடம் வேண்டாமே என்று திரும்பிக்கொண்டு, சுத்தமாக இருந்த கிண்ணத்தையே மறுபடி துடைத்தாள்.

"எங்கம்மாவுக்கு" என்றாள் மகள்.

"பட்டன் அக்கா உங்கம்மாவா?" பின்னால் நின்ற தோழி வாயைப் பிளந்தாள்.

"ஆமா. எங்கம்மாதான்."

பெற்றவளுக்குப் பெருமையில் கண்ணே தெரியவில்லை. காலையில் மகள் கேட்டிருந்த பயறுக் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.

"ஸ்பூனை மறந்துட்டியேம்மா" என்றாள் மகள், வரிசை முழுக்கக் கேட்கும்படி.