எண்ணெய் தெரிந்தவர்

அறிவுச்செல்வன் சமையலறை வாசலில் குந்தி உட்கார்ந்து, பலகைத் தரையைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார். விரல் நுனியை அவர் நம்புவதில்லை. சுரங்க இயந்திரங்களின் பேரிங் சூட்டை முப்பத்தொரு வருஷம் புறங்கையால் பார்த்த பழக்கம். காய்ச்சல் பார்க்க நானும் புறங்கையைத்தான் வைக்கிறேன். ஒருமுறை பார்த்தால் எனக்குப் போதும். அவர் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று ஷிப்ட் மாறும் நேரங்களில் பார்த்து நோட்டில் குறிக்கிறார். ஓய்வுபெற்று மூன்று வருஷமாகிறது.

சுரங்கத்தில் அவருக்கு லூப்ரிகேஷன் பிரிவு. அடுக்குமாடி உயரத்துக்கு நின்று மண் வெட்டும் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுவதும் கிரீஸ் அடைப்பதும் வேலை. "எண்ணெய்ன்னா எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று நாளைக்கு இரண்டு தடவையாவது கேட்பார். மளிகைக் கடையில் நல்லெண்ணெய் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் சாய்த்து, உள்ளே ஓடும் வேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவார்.

அவர் மனைவி தனம் என் நோயாளி; வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். சமையலறை டைல்ஸில் தண்ணீர் சிந்தியிருந்தது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அறுவை சிகிச்சை ஆயிற்று. அந்த டைல்ஸைத் தேர்ந்தெடுத்தவர் அறிவுச்செல்வன்தான். இரண்டு மாதம் கடை கடையாக அலைந்து எடுத்தாராம்.

"கண்ணாடியாட்டம் மூஞ்சி தெரியணும்னு வாங்கியாந்தாரு, சிஸ்டரம்மா. தெரிஞ்சிது. வுழுந்தப்ப ரொம்பக் கிட்டக்கவே தெரிஞ்சிது" என்றார் தனம்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கடப்பாரை எடுத்து அத்தனை டைல்ஸையும் கணவரே பெயர்த்துவிட்டார். காடாம்புலியூரிலிருந்து பலாமரப் பலகை வந்தது. சமையலறைக்கு மரத்தரையா என்று தெருவில் சிரித்தார்கள். தச்சர் வேலுமணி சிரிக்காமல் பலகைகளை இழைத்துப் பதித்துக் கொடுத்துவிட்டு, போகும்போது சொன்னாராம்:

"வார்னிஷ் வாணாம் சார், வழுக்கும். காய்ச்சின ஆளிவிதை எண்ணெய் டின்னுல கிடைக்கும். மெல்லிசா தடவுங்க. அரை மணி கழிச்சி மிச்சத்த அழுந்தத் தொடச்சிடுங்க. நாலு நாள் காயட்டும். அவ்ளோதான்."

"எண்ணெய்ன்னா எனக்கே சொல்லித் தர்றியா?"

அப்படித்தான் நாலு நாள் வேலை அஞ்சு வாரமானது. சமையலறைக் கதவில், சுரங்கத்து இயந்திரங்களில் மாட்டுவதுபோல, சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது: 'வேலை நடக்கிறது. இயக்காதே.' கூடத்து டிவி மேசைமேல் மின்சார அடுப்பு வந்து உட்கார்ந்தது. கஞ்சியும் ரசமும் என் பொறுப்பு. வராந்தாவில் பதினோரு பலாத்துண்டுகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணெய். நல்லெண்ணெய் தடவியதை எறும்பு கண்டுபிடித்தது. இலுப்பெண்ணெய் நாற்றத்தில் பால்காரர் வாசல் கேட்டோடு திரும்பினார். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயை வெறுங்கையால் தேய்த்து ஐந்து விரலும் கொப்புளித்தபோது எனக்கு இன்னொரு நோயாளியும் கிடைத்தார். அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பது இந்தப் பக்கம் பிறந்தவர்கள் குழந்தையிலேயே கற்றுக்கொள்ளும் பாடம். "டெம்பரேச்சர் கம்மியா காய்ச்சிட்டானுங்க" என்று எண்ணெய் கொடுத்த ஆலையைத் திட்டிக்கொண்டே கையை நீட்டினார்.

இதற்கிடையில் டாக்டர், வீடு திரும்பிய ஆறாவது வாரத்துக்குள் தனம் வீட்டுக்குள் நடமாடியே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார். நடக்காத கால் சீக்கிரம் இறுகிவிடும். படுத்துப் பழகிய பலர் பிறகு எழுந்திருக்காததை நான் பார்த்திருக்கிறேன். தனத்துக்கும் அது தெரியும். "கட்டில்லேர்ந்து எதுக்கு எழுந்துக்கணும், சொல்லுங்க? டிவி பக்கத்துல உப்புமா கிண்டவா? என் அடுப்பாண்ட நின்னு ஒரு டம்ளர் காபி போட்டாத்தான் நான் எழுந்தேன்னு அர்த்தம்" என்றார்.

ஐந்தாவது வாரம் அறிவுச்செல்வன் ஒரு துண்டை ஏந்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். புங்கெண்ணெய். பத்து நாளாகியும் ஈரமாக மின்னியது. புறங்கையால் தேய்த்துக் காட்டினார், கை பளபளத்தது.

"பாத்தியா தனம்? பத்து நாளு! ஒரு சொட்டு காயல. இதுக்குத்தான் பர்ஸ்ட் மார்க்!"

தனம் அந்தக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, இதும்மேல நான் நடக்கணுமா, சறுக்கிக்கினு போவணுமா?"

அவர் பளபளத்த கையைத் திருப்பிப் பார்த்தார். இயந்திரத்துக்குள் எண்ணெய் காய்ந்தால் இயந்திரம் போயிற்று. காயாத எண்ணெய்க்கு மதிப்பெண் போட்டே சம்பளம் வாங்கியவர் அவர். தரைக்குப் போடும் எண்ணெய் காய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்ன தச்சரையும் அவர் காதில் வாங்கவில்லை.

மறுநாள் ஆளிவிதை எண்ணெய் டின் வந்தது. மெல்லிசாகத் தடவினார், அரை மணி கழித்து, கட்டுப் போட்ட கையோடு முட்டி போட்டு, பலகை பலகையாக அழுந்தத் துடைத்தார். துணிகளைச் சுருட்டிப் போடாமல் கொடியில் ஒவ்வொன்றாக விரித்தார். குவித்தால் நிலக்கரிக் குவியல்போலத் தானாகவே பற்றிக்கொள்ளுமாம். அதுமட்டும் உண்மையிலேயே தெரிந்திருந்தது. "பதினோரு எண்ணெயையும் பாத்து நானே செலக்ட் பண்ணது" என்று தெருவுக்குச் சொன்னார்.

நாலு நாளாயிற்று. நான் காகிதத்தை வைத்து அழுத்திப் பார்த்தேன். கறை இல்லை, பிசுக்கு இல்லை.

"இன்னும் ஒரு வாரம் ரீடிங் எடுக்கணும் சிஸ்டர். ட்ரையல் முடியல."

"எனக்கு முடிஞ்சிபோச்சி" என்றார் தனம், வாக்கரைப் பிடித்து எழுந்துகொண்டே.

அட்டையைத் தள்ளிக் கதவைத் திறந்தார். நான் ஓரடி பின்னால் போனேன், தொடவில்லை. அறிவுச்செல்வன் கனரக வண்டிக்கு வழிகாட்டுகிறவர்போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார். "மெதுவா... மெதுவா... லெப்ட்டு..."

"தள்ளி நில்லுங்க. வழி மறிக்கிறீங்க."

அடுப்பு வரை பதினான்கு எட்டு. கால் வழுக்கவில்லை. பால் பொங்கிவர, தனம் ஒரு கையால் மேடையைப் பிடித்து நின்றபடியே டிகாக்ஷன் கலந்து, டம்ளரை அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க."

அறிவுச்செல்வன் ஒரு வாய் குடித்தார். தலையை ஆட்டினார். பிறகு டம்ளரைச் சாய்த்து, கொஞ்சம் காபியைத் தரையில் ஊற்றினார். குந்தி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.