வெள்ளை மணல் என்று நான் சொன்ன நெஞ்சுப் படம்

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் இருந்தவனல்ல. ஆனாலும் சல்லி என்ற எங்கள் கடற்கரை ஊரில் சொந்த உழைப்பில் மூன்று வள்ளம் இறக்கியவன். வள்ளத்தில் நின்றபடியே கடலின் அடியைச் சொல்லுவேன். கறுத்துக் கிடந்தால் பாறை, வலை கிழியும். வெளுத்துக் கிடந்தால் மணல், துணிந்து போடலாம். இதில் நான் பிழைவிட்டதை ஊரில் ஒருவரும் கண்டதில்லை.

சண்டைக் காலம். மனைவிக்கு இருமலும் காய்ச்சலும் விடவில்லை. பட்டணத்து ஆசுபத்திரியில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தோம். டொக்டர் இல்லை, படத்தோடு மறுநாள் வரச் சொன்னார்கள். திரும்பும்போது சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் படத்தை உறையிலிருந்து உருவி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். வீட்டுக்கு வந்து நானும் அப்படியே பிடித்தேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

"இந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பு. இருமல் வருத்தம் இதுக்குள்ளதான். மற்றப் பக்கம் கீழ வெள்ளை மணல்மாதிரிக் கிடக்கு, அதில ஒண்டுமில்லை," என்றேன்.

"மீன் நிக்குதோ எண்டும் பாத்துச் சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி, இருமலுக்கிடையில். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"நெஞ்சில எண்ணெய் பூசினா சளி இளகும். டொக்டரிட்டப் போகத் தேவையில்லை."

நாள்கள் போயின. மூச்சு விட ஏலாமல் அவள் இரவெல்லாம் குந்தியிருந்தாள். ஒரு காலை தானே உறையை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தாள். "வாறதெண்டா வாங்கோ. நான் போறன்."

டொக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். "கறுப்பாத் தெரியிறது காத்து. நல்ல நுரையீரல் அப்பிடித்தான் இருக்கும். நடுவில வெள்ளையா இருக்கிறது இருதயம். ஆனா கீழ இந்த வெள்ளை இருக்கக்கூடாது. நீர் கட்டியிருக்கு. இன்னும் பிந்தியிருந்தா கஷ்டம். ஆர் வரச் சொன்னது?"

"இவர்தான். படத்தைப் பாத்த உடனேயே சொன்னவர்," என்றாள் அவள்.

"கெட்டிக்காரன்," என்றார் டொக்டர்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

நீரை எடுத்த பிறகு அவள் தேறிவிட்டாள். ஆனால் அன்று டொக்டரின் அறையில், கதிரையில் அமர்ந்திருந்த அவளுடைய சேலையிலிருந்து நான் பூசின எண்ணெய் மணத்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. படத்தில் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.