தீச்சர்

நாற்பத்திரண்டு வருஷமாக வெல்டர் தன் அக்காமீது ஒரு கோபத்தை அடைகாத்து வந்தான். எட்டு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்தவக் கோயிலில் நடக்கும் ஞாயிறு வகுப்புக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுக் கோலி விளையாடினான். வீட்டுக்கு வந்து, வகுப்புக்குப் போனதாகப் பொய்யும் சொன்னான். அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. சீருடைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, அவன் கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தாள்.

"இந்த அனலே தாங்கலையே. அங்க, நரகத்துல, இது முடியவே முடியாதுடா."

பெட்டி மேலே படவில்லை. தழும்பும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷம், பையன் கால்சட்டைப் பையில் ஈரத்துணியோடுதான் திரிந்தான். திடீரென்று செத்துப்போனால் அங்கே உதவுமே. துணி காயக் காயக் குழாயடிக்கு ஓடுவான். வாத்தியார் கேட்டதற்கு, மூக்கு ஒழுகுது சார் என்று சமாளித்தான்.

அதற்காக அக்காவை ஒரேயடியாக வெறுக்கவும் வழியில்லை. அதுதான் எரிச்சல். அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது, அவளுக்குப் பதினெட்டு. தையல் மெஷினை மிதித்து மிதித்தே அவனை ஆளாக்கினாள். கல்யாணம் பேச வந்தவர்களிடமெல்லாம், தம்பியும் என்னோடு வருவான் என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். வந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான்.

பிறகு அவளே ஞாயிறு வகுப்பில் முப்பது வருஷம் பாடம் எடுத்தாள். எந்தக் கதையில் தொடங்கினாலும் நரகத்தில் கொண்டுவந்துதான் நிறுத்துவாள். பிள்ளைகள் டீச்சரைத் 'தீச்சர்' ஆக்கினார்கள். தம்பி ஆறாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டு வெல்டிங் பட்டறையில் சேர்ந்த அன்றைக்கு, "அங்க போறதுக்கு இப்பவே பழகிக்கிறியாடா?" என்று கேட்டாள். அவனும் சளைத்தவனில்லை. வாராவாரம் வண்டியில் அவளைக் கோயில் வாசல்வரை கொண்டுவிடுவான், உள்ளே கால் வைக்க மாட்டான். செருப்பு அழுக்கு என்பான்.

இப்போது அக்காவுக்கு இதயம் பலவீனமாகி, டாக்டர் கையை விரித்துவிட்டார். வெல்டரின் வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். திருவிருந்து அப்பம் கொடுக்கப் போதகர் வீடு தேடி வந்தால், எனக்குத் தகுதியில்லை என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு தடவை மனுஷர் வந்த வழியே திரும்பிப் போனார். கஞ்சியும் இறங்கவில்லை. உங்கள் அக்கா எதற்கோ பயப்படுகிறார்கள், என்னிடம் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள், நீங்கள் வந்து கேளுங்கள் என்று வெல்டரின் மனைவி பட்டறைக்குப் போன் போட்டாள். அவன் கரிக்கையோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"என்னக்கா, போதகரைத் திருப்பி அனுப்புறியாமே?"

"மேல பரலோகத்துல எனக்கு இடமில்லடா."

"ஏன், ஹவுஸ்ஃபுல்லா?"

அவள் சிரிக்கவில்லை. "உன் மூஞ்சிக்கு நேரா பெட்டியைப் பிடிச்சேன். நீ அழக்கூட இல்லை. பையில ஈரத்துணி வச்சுக்கிட்டுத் திரிஞ்சியே, துவைக்கிறவளுக்குத் தெரியாதா? நீ கோயிலுக்குள்ள வராததே என்னாலதான். ஒரு ஆத்மாவைக் கெடுத்தவளை கர்த்தர் சும்மா விடுவாரா?"

அவள் அதையெல்லாம் என்றைக்கோ மறந்திருப்பாள் என்றுதான் வெல்டர் நினைத்திருந்தான். இந்த ஒரு பேச்சுக்காக எத்தனையோ வசனம் தயார்பண்ணி வைத்திருந்தான். அத்தனையையும் விட்டுவிட்டுக் கேட்டான்.

"அப்போ ஏன்க்கா அப்படிப் பண்ணினே?"

"அம்மா உன்னை என் கையில குடுத்துட்டுப் போனா. மேல போய் அவகிட்ட, பையனைத் தவற விட்டுட்டேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

 வெல்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இங்க பாருக்கா. சூடு வாங்கினவன் நான். கோபப்பட வேண்டியவனும் நான். நானே உன்னை அடுப்படியில ஒரு நிமிஷம் நிக்க விடமாட்டேன், உனக்கு வேர்த்துப் போயிரும்னு. ஆறாங்கிளாஸ் தாண்டாத முரடன் எனக்கே இவ்வளவு மனசு இருக்கு. உன் கர்த்தர் என்ன, என்னைவிட மட்டமா?"

"கர்த்தரைப் போய் மட்டம்னு சொல்றியே."

"நானா சொல்றேன்? இத்தனை வருஷமா நீதான் சொல்லிக்கிட்டிருக்கே."

 அக்கா பல்செட் போடாத வாயால் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலில் போய் நிற்க, மனைவி தண்ணீரோடு ஓடிவந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, கஞ்சி இருக்கா என்று அக்கா கேட்டாள்.

மறுநாள் காலையில் போதகர் வந்தார். தம்பி சொன்னதை அக்கா அப்படியே ஒப்பித்து, இதில் தப்பு உண்டா என்று விசாரித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தப்பில்லை, பிரசங்கத்தில் எடுத்துக்கொள்ளலாமா என்று வெல்டரைப் பார்த்தார். என் பேர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான் அவன். அக்கா அப்பத்தை இரண்டு கையாலும் வாங்கி மெதுவாகச் சவைத்தாள். அன்று மத்தியானம் குறட்டை விட்டுத் தூங்கினாள். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே புருஷனும் பெண்டாட்டியும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அப்படியே இன்னும் ஆறு நாள் இருந்தாள். ஆறாம் நாள் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். தன்னிடம் படித்த அத்தனை பேரையும் இனித் தேடிப்பிடிக்க முடியாது, ஒருத்தியை மட்டும் தெரியும் என்றாள். மருந்துக் கடையில் பில் போடுகிற பெண். சின்ன வயதில் நரகத்துக் கதை கேட்டு வகுப்பிலேயே அழுது மயங்கி விழுந்தவள்.

"அவகிட்ட நேர்ல போ. டீச்சர் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டாங்க, கர்த்தர் ரொம்ப நல்லவர், பயப்படவேண்டாம்னு சொல்லு. கடையில கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்துப் போ."