சட்டைப் பையில் ஒரு பேட்டரி

என் வீட்டுக்காரர் தச்சர். அடுக்குமாடி வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து பொருத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக என் தம்பிதான் அவருக்குக் கூட்டாளி. ஒருவர் அளந்தால் இன்னொருவர் அறுப்பார். என்னைக் கட்டிக்கொண்டதே என் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளத்தான் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அவரும் மறுக்க மாட்டார்.

எங்கள் வீட்டில் முதல் மரியாதை பேட்டரி ரம்பத்துக்குத்தான். வேலை முடிந்து வந்ததும் கை கழுவுவாரோ இல்லையோ, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ரம்பத்துக்குள் அடைந்திருக்கும் மரத்தூளைத் தட்டிவிடுவார். வட்டத் தகட்டின் பல்லில் ஒட்டிய பிசினைத் துடைப்பார். பிறகு தகட்டை மறைக்கும் கீழ்மூடியை விரலால் திறந்து விடுவார். அது டக்கென்று தானாக மூடிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தயங்கி மூடினாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. பேட்டரியை வெயிலில் வைக்கக் கூடாது, வண்டியில் விட்டுவிட்டு வரக் கூடாது, சூடாக இருக்கும்போது சார்ஜ் போடக் கூடாது என்று அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட என் நெற்றியை இத்தனை தடவை தொட்டுப் பார்த்ததில்லை. ஒருமுறை தம்பி அவசரத்துக்கு அந்த மூடியைக் கம்பியால் கட்டி வைத்தான் என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தகட்டில் கை வைக்கும் முன் பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கீழே வைக்க மாட்டார், யாரிடமும் கொடுக்க மாட்டார். "பை கனமா இருந்தா கை பத்திரமா இருக்குன்னு அர்த்தம்" என்பார். அதற்காகவே அவருடைய வேலைச் சட்டைகளில் தடித்த துணியில் பெரிய பை தைத்துப் போட்டிருந்தேன். அப்படியும் கிழியும். திட்டிக்கொண்டே மறுபடி தைப்பேன்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில் தம்பி போன் செய்தான். "அக்கா, மாமாவுக்குக் கையில அடி. ஆஸ்பத்திரிக்கு வா." அடுப்பை அணைத்தேன். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டுப் போனேன். இடது கையில் இரண்டு விரல், நடுக்கணு வரை போய்விட்டது.

"எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"பாக்காம கை வச்சுட்டேன்" என்றார்.

தம்பி வராந்தாவில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் அவருடைய சட்டையை ஒரு பிளாஸ்டிக் உறையில் சுருட்டிக் கொடுத்தார். கனமாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஊறவைக்க எடுத்தபோது அதன் பையில் பேட்டரி இருந்தது.

தம்பி ரம்பத்தைக் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதிலும் ஒரு பேட்டரி இருந்தது.

எங்களிடம் இருப்பதே இரண்டுதான். ஒன்று ரம்பத்தில் ஓடும்போது மற்றது சார்ஜில் இருக்கும். அவர் வழக்கம்போல் கழற்றிப் பையில் போட்டிருக்கிறார். பிறகு ஏதோ வேலையாக நகர்ந்திருக்கிறார். அவர் திரும்புவதற்குள் மற்றொன்றை யாரோ மாட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் அன்று வேலை செய்தவர்கள் இரண்டே பேர். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பேட்டரியைத் துடைத்து அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தேன். சட்டையை ஊறப்போட்டேன். சொன்னால் தம்பி உறவு அறுந்துபோகும். சொல்லாவிட்டால் என் புருஷன் கவனமில்லாதவர் என்ற பேரோடு இருப்பார். இரண்டில் எது என்று யோசிக்கக்கூட முடியாமல் மனசு மரத்துக் கிடந்தது.

அப்படியே நாட்கள் போயின. கட்டு மாற்றினேன், பொத்தான் போட்டுவிட்டேன். "விரல் நுனி மரத்தே இருக்கு" என்பார், இல்லாத விரலைப் பார்த்து. வந்தவர்களெல்லாம், "இவ்வளவு பாத்துப் பாத்து வேலை செய்யறவர் இப்படிக் கோட்டை விட்டுட்டாரே" என்பார்கள். அவர் தலையாட்டுவார். நான் டீ போட எழுந்து போய்விடுவேன். தம்பி வாரம் ஒருமுறை வந்து, வாசல்படியிலேயே நின்று, "மாமா எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டுப் போவான். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. காணாமல்போன பேட்டரியைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தம்பியைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இப்படிப்பட்ட நல்லவரோடு குடும்பம் நடத்துவதும் லேசான காரியமில்லை.

போன திங்கட்கிழமை அவர் மறுபடி வேலைக்குக் கிளம்பினார். அழைத்துப்போக வந்த தம்பி வழக்கம்போல் படியில் நின்றான். அவர் ரம்பத்தை மடியில் வைத்து, மிச்ச விரல்களால் கீழ்மூடியைத் திறந்து விட்டுப் பார்த்தார். மூடியது. இன்னொரு முறை பார்த்தார். திரும்பவும் அதே இரண்டு பேர், அதே ரம்பம். இதற்கு மேல் ஒளித்து வைத்துக்கொண்டு அவரை அனுப்ப என்னால் முடியவில்லை. உள்ளே போய்ப் பேட்டரியை எடுத்துவந்து அவர் சட்டைப் பையில் போட்டேன்.

"இது எங்க இருந்துச்சு?" அவர் அதை வெளியே எடுத்துப் பார்த்தார்.

"அன்னைக்கு உங்க பையிலதான் இருந்துச்சு. ரம்பத்துலயும் ஒண்ணு இருந்துச்சு."

தம்பியின் முகம் செத்துப்போனது. "அக்கா, மாமா அன்னைக்குப் பக்கத்து ரூமுக்கு அளவு பாக்கப் போயிருந்தாரு. ரம்பம் சும்மா கெடக்கேன்னு சார்ஜ் ஏறினதை எடுத்து மாட்டிட்டேன். வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள…"

"தெரியும்டா. சட்டையை ஊறப்போட்ட அன்னைக்கே தெரியும்." அவர் பக்கம் திரும்பினேன். நான்கு மாதத்தில் முதல் தடவையாக என் குரல் உயர்ந்தது. "நீங்க ஏங்க மறைச்சீங்க? இவனைக் காப்பாத்தவா?"

"நான் எதை மறைச்சேன்?" என்றார். "பாக்காம கை வச்சுட்டேன்னு அன்னைக்கே சொன்னேனே. தகட்டுல கட்டைத் துண்டு சிக்கியிருந்துச்சு. பையைத் தொட்டுப் பாத்தேன், கனமா இருந்துச்சு. ரம்பத்தைப் பாக்கல. பிடியில இருந்த வலது கை பழக்கத்துல விசையை அமுக்கிடுச்சு. மாட்டிட்டு சொல்லாதது அவன் தப்பு. பாக்காதது என் தப்பு."

"அவன் தப்பை ஏன் சொல்லல?"

"அவனே வந்து சொல்லுவான்னுதான் உக்காந்திருந்தேன். அவன்தான் படியைத் தாண்டவே இல்லையே."

யார் தாண்ட விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

தம்பி கை நீட்டிப் பேட்டரியை வாங்கி, அதன் பொத்தானை அமுக்கினான். ஒரு விளக்கும் எரியவில்லை. "இத்தனை மாசம் சும்மா வச்சா இப்படித்தான்கா ஆகும். பாதி சார்ஜோட வச்சிருக்கணும்."

"சார்ஜர் உள்ளதான் இருக்கு. வா" என்றேன்.

அவன் உள்ளே வந்தான். வீட்டுக்காரர் தன் காலிப் பையைத் தட்டிக் காட்டினார். "இதைத் தைச்சு மூடிடு. இது இருந்தா மறுபடி இதைத்தான் நம்புவேன். இனிமே ரெண்டு பேட்டரியையும் கண்ணு முன்னாடி வச்சுட்டு, ரம்பத்தைப் பாத்து, ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிட்டுதான் கை வைக்கணும். என்ன மாப்ள?"

"சரி மாமா."

அவர்கள் போன பிறகு அவருடைய வேலைச் சட்டைகளை எடுத்துப்போட்டு உட்கார்ந்தேன். நான்கு சட்டைகளின் பைகளை மளமளவென்று தைத்து மூடினேன். ஐந்தாவது, அடிபட்ட அன்று போட்டிருந்த சட்டை. எத்தனை ஊறவைத்தும் கறை போகவில்லை. அதைத் தைக்கும்போதுதான் அழுதேன்.